சாக்ரமென்டோ கவுண்டிக்கு ஒரு கியர்பாக்ஸ் மனு

பெறுநர்: மண்டல விதி அமலாக்கப் பிரிவு, சாக்ரமென்டோ கவுண்டி, கலிஃபோர்னியா.

பொருள்: சொந்த டிரக்கைச் சொந்த வாசலில் கழற்றும் துணிச்சல் குறித்து.

பெருமதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

2019 கோடையில் தங்கள் மண்டல விதி ஒன்று அமெரிக்கச் செய்திகளில் அடிபட்டபோது அதன் அருமை பலருக்கு விளங்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் சில்லறை ரிப்பேருக்குத் தடையில்லை: பிரேக் பாகம் மாற்றலாம், ஆயில் மாற்றலாம், பஞ்சர் ஒட்டலாம். அதற்கும் மூன்று நிபந்தனைகள். வீட்டில் வழக்கமாக இருக்காத கருவியை எடுக்கக் கூடாது. அங்கே குடியிராதவர் பெயரில் பதிவான வண்டியைத் தொடக் கூடாது. நாற்புறமும் மூடிய கேரேஜுக்கு வெளியே வேலை செய்து, வண்டியை 24 மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் கிடத்தக் கூடாது. பெரிய ரிப்பேர் என்றால் பேச்சே இல்லை.

பழைய செவ்ரலே சில்வராடோ பிக்கப் வைத்திருக்கும் குடும்பஸ்தர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது. பட்டறைக்குப் போனால் டிரான்ஸ்மிஷனை, அதாவது கியர்பாக்ஸை, முழுதாகப் பிரித்துக் கட்டச் சில ஆயிரம் டாலர் கேட்பார்கள்; வண்டியின் சந்தை விலையே சில சமயம் அவ்வளவுதான். ஆனால் கோளாறு ஒரு ஷிஃப்ட் சாலினாய்டில் மட்டும் இருக்கலாம். அந்த டிரக்குகள் பலவற்றில் வந்த 4எல்60-இ கியர்பாக்ஸில் சாலினாய்டு, ஃபில்டர், வால்வ் பாடி எல்லாவற்றையும் அடியிலிருக்கும் ஆயில் பானைக் கழற்றியே எட்டிவிடலாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. இது சில்லறையா, பெரிதா? தங்கள் விதிப்படி சில்லறைப் பட்டியல் ‘இவை போன்ற பிற வேலைகள்’ என்று முடிகிறது. பானுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவர் அந்த இடத்தில் சட்டம் படிக்க வேண்டும் என்பது தங்கள் விருப்பம் போலும்.

கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால் கதை வேறு. எண்ணெய் இல்லாமலே 60 கிலோவுக்கு மேல் கனக்கும் உருப்படியை டார்க் கன்வெர்ட்டரோடு இறக்கி, உள்ளே அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். அதற்கு டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வேண்டும், சுத்தமான மேசை வேண்டும், பொறுமையும் வேண்டும். அனுபவமில்லாதவர் பணத்தைக் கொடுத்துப் பட்டறையிலேயே விடுவது உத்தமம். செங்கல் முட்டுக் கொடுத்த டிரக்குக்கு அடியில் படுக்கிறவரைத் தாங்கள் தடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் விதி அந்தச் செங்கல் முட்டுக் குறித்துக் கேட்கவில்லை. கருவி வீட்டுக்குரியதா என்று கேட்கிறது.

எந்த வீட்டுக்குரியது? உதிரிபாகக் கடைச் சங்கிலிகள் முன்பணம் வாங்கிக்கொண்டு விசேஷக் கருவிகளை இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பிவிடும். மலிவு விலையில் டிரான்ஸ்மிஷன் ஜாக்கி விற்கும் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனத்துக்குத் தலைமையகமே கலிஃபோர்னியாவில்தான். தங்கள் ஊரின் பெருமையும் ஓர் இரும்புக்கடையில் தொடங்கியது அல்லவா? கே தெருவில் ஹண்டிங்டனும் ஹாப்கின்ஸும் தங்கம் தேடி வந்தவர்களுக்குச் சாமான் விற்ற கடையின் மாடியில்தான் கண்டம் கடக்கும் ரயில்பாதையின் மேற்குப் பகுதிக்குத் திட்டம் தீட்டினார்கள். 1861இல் சென்ட்ரல் பசிஃபிக் ரயில் நிறுவனம் பிறந்தது. நல்லவேளை, அவர்கள் கருவிகள் எந்த வீட்டில் வழக்கம் என்று அன்று யாரும் விசாரிக்கவில்லை.

ஹென்றி ஃபோர்டும் தப்பித்தார். 1896 ஜூனில் டெட்ராய்ட்டின் பேக்லி அவென்யூவில், வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் தம் முதல் வண்டியைக் கட்டி முடித்தார். வாசல் குறுகல் என்று தெரிந்ததும் கோடரியால் செங்கல் சுவரை உடைத்து வண்டியை வெளியே எடுத்தார். தங்கள் எல்லைக்குள் என்றால் இரண்டு வழக்கு: கருவி வழக்கமானதல்ல, சுவர் இடிந்தபின் கொட்டகை நாற்புறமும் மூடியதுமல்ல.

மூடிய கேரேஜ் என்ற சலுகைக்குத் தனி வணக்கம். கேரேஜ் உள்ளவருக்குக் கடிகாரம் ஓடாது. வாடகை வீட்டு வாசலில் நிறுத்துபவருக்கு மட்டும் ஓடும். ஃபோர்டின் நான்கு கதவு எஃப்-150 பிக்கப் சுமார் 19 அடி நீளம். 20 அடி கேரேஜில் அதை நுழைத்தபின் மனிதர் நிற்க இடம் தேட வேண்டும். துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்து, மாற்றுப் பாகம் கடையில் இல்லையென்றால் 24 மணி நேரம் அங்கேயே தீர்ந்தது. இதே டிரக் பட்டறை முற்றத்தில் மூன்று வாரம் கிடந்தால் அதற்குப் பெயர் வியாபாரம்.

ரசாயனங்கள் அக்கம்பக்கத்தை மாசுபடுத்தும் என்பது தங்கள் தரப்பு. நியாயம்தான். பல டிரான்ஸ்மிஷன் பான்களில் வடிகால் திருகே கிடையாது. விளிம்பைத் தளர்த்தினால் சிவப்பு எண்ணெய் முழங்கைவரை வழியும். ஆனால் பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ள மாநிலம் அங்கீகரித்த சேகரிப்பு மையங்கள் இருக்கின்றன. சாக்கடையில் ஊற்றுகிறவரைப் பிடியுங்கள். தட்டு வைத்துப் பிடித்து, குடுவையில் அடைத்து, மையத்தில் கொடுக்கிறவர் கையிலுள்ள ஸ்பேனரை ஏன் முறைக்க வேண்டும்?

மாநிலம் வேறு வழியில் யோசித்திருக்கிறது. 1971இன் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம் பட்டறைகளைத்தான் கண்காணிக்கிறது: முதலில் எழுத்தில் மதிப்பீடு, பிறகு வாடிக்கையாளர் சம்மதம், அதன் பிறகே வேலை. டிரான்ஸ்மிஷனை ‘புதுப்பித்தோம்’ என்று சொல்ல உள்ளே என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. பட்டறையிடமிருந்து குடிமக்களைக் காக்க மாநிலம் சட்டம் போட, அதே பட்டறைக்கு அவர்களை ஓட்டிச் செல்லக் கவுண்டி விதி போடுகிறது.

ஆகவே மூன்று விளக்கங்கள் வேண்டப்படுகின்றன. வீட்டில் வழக்கமாக இருக்கும் கருவிகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்? அடுத்த தெருவில் வசிக்கும் தாயின் வண்டிக்கு மகன் ஆயில் மாற்ற, அந்த அம்மாள் எத்தனை நாள் முன்னதாகக் குடிவர வேண்டும்? இந்த மனு தங்கள் மேசையில், மூடிய கேரேஜுக்கு வெளியே, 24 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால் அபராதம் யார் கட்டுவது?

இப்படிக்கு,
கேரேஜில் அடங்காத டிரக்குகளின் உரிமையாளர்கள் சார்பில்