நெய் மணக்கும் சைலன்ஸர்

தெருமுனையில் என் கார் திரும்பும்போது வீட்டில் தோசைக்கல்லில் மாவு விழும். அடுப்படியை விட்டு நகராமலே என் மனைவிக்கு நான் பால் பூத்தைத் தாண்டிவிட்டேனா, பிள்ளையார் கோயில் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், அம்மாவின் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் புத்தகத்துக்குத் தாவுவான். வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு கேட்டைத் திறந்து வைத்திருப்பார். இத்தனைக்கும் நான் ஹாரன் அடிப்பதே கிடையாது. சைலன்ஸரில் ஓட்டை, அவ்வளவுதான்.

வண்டி 2004 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, 37 குதிரைத்திறன். குதிரைகளில் சில இப்போது படுத்துவிட்டன என்றாலும் மிச்சம் இருப்பவை விசுவாசமானவை. 2014 ஜனவரியோடு இந்த வண்டியின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது அவர்கள், நான் நிறுத்தவில்லை.

ஆரம்பத்தில் அது ஓட்டை என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது வண்டியின் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. மகனுக்குக் குரல் உடைந்ததும் அதே மாதம்தான் என்பதால், வீட்டில் எல்லாருக்கும் வயது ஆகிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் டிராக்டர். அதற்கடுத்த மாதம், மீன்பிடி விசைப்படகு. திருவான்மியூரில் கடல் பக்கம்தான் என்பதால் அந்தச் சத்தத்தை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மெக்கானிக் பாய் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் இரண்டு தட்டுத் தட்டினார். காய்ந்த அப்பளம் நொறுங்குவது போல ஒரு ஓசை. ஒரு கைப்பிடி துரு அவர் சட்டை மேல் விழுந்தது.

"சார், இது சைலன்ஸர் இல்ல. சல்லடை."

"எப்படி பாய்? வண்டியை நான் அதிகமா ஓட்டறதே இல்லையே."

"அதான் சார் காரணம்."

எனக்கு இது புதுச் செய்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறதாம். நீண்ட தூரம் ஓட்டினால் குழாய் நன்றாகச் சூடாகி, அத்தனையும் ஆவியாக வெளியே போய்விடும். வீட்டிலிருந்து அடையாறு ஆபீஸுக்கு மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். தண்ணீர் கடைசிப் பெட்டியில் தங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு கலந்து, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து உப்புக் காற்று. ஆக, பெட்ரோலை மிச்சம் பிடிக்க நான் பன்னிரண்டு வருடமாகக் கடைப்பிடித்த சிக்கனம் அத்தனையும் சொட்டுச் சொட்டாகப் போய்ச் சேர்ந்த இடம் சைலன்ஸர்.

"மாத்திடலாம் சார்" என்றார் பாய். மாற்றுவது என்ற சொல் எங்கள் பரம்பரையில் கடைசியாகத்தான் வரும். என் அப்பா ஒரே குடையை மூன்று முறை துணி மாற்றி, இரண்டு முறை கம்பி மாற்றி, அதே குடை என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார்.

முதலில் பசை. உலகத்தில் எதையும் ஒட்டும் என்று விற்கப்படும் இரண்டு நிறப் பசை. பிசைந்து கலந்து, ஓட்டையில் அப்பி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில் கல்லாக இறுகியிருந்தது. ஆபீஸ் போவதற்குள் கருகி, சில்லுச் சில்லாக உதிர்ந்து, பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் கண்ணாடியில் பட்டு, அவர் என் பரம்பரையைப் பற்றி வேறு சில தகவல்கள் சொன்னார்.

அடுத்தது நெய் டப்பா. ஒரு லிட்டர் டப்பாவின் மூடியையும் அடியையும் வெட்டி எறிந்து, நடுத் தகரத்தை விரித்து, குழாயைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கினேன். கிளிப் இரண்டு சேர்த்து அறுபது ரூபாய். டப்பா இலவசம். ஸ்டார்ட் செய்தேன்: விசைப்படகு மறுபடி டிராக்டராக இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பொறியியல் பட்டதாரி செய்ய முடியாததை ஒரு வரலாற்றுப் பட்டதாரி செய்துவிட்டேன் என்ற பெருமையில் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

டப்பாவைக் கழுவ மறந்துவிட்டேன்.

குழாய் சூடேறியதும் தகரத்தின் மடிப்பில் ஒட்டியிருந்த நெய் உருக ஆரம்பித்தது. கடற்கரைச் சாலை சிக்னலில் நின்றால், பக்கத்து பைக்காரர்கள் மூக்கைத் தூக்கி எங்கேயோ பொங்கல் என்று தேடினார்கள். எங்கள் தெரு நாய்கள் மூன்று, அதுவரை என் காரை ஒரு பொருட்டாகவே மதிக்காதவை, பின்னாலேயே ஓடிவந்து பம்பருக்கு அடியில் படுத்துக்கொண்டன. மனைவி மட்டும், "இத்தனை வருஷத்துல உங்க வண்டில இப்பத்தான் ஒரு நல்ல வாசனை வருது" என்றாள்.

அந்த வாசனைதான் என்னைப் பயமுறுத்தவும் செய்தது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவளுக்குத் தலைவலி. கண்ணாடி ஏற்றியிருந்தோம். உள்ளே கமகமவென்று நெய். சட்டென்று ஒன்று உறைத்தது: வாசனை உள்ளே வருகிறதென்றால், வாசனையோடு புகையும் வருகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆளைத் தூங்கவைத்து, எழுப்பாமலே விட்டுவிடும். நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். பட்டுப் புடவையும் தலைமுடியும் பறக்க, கல்யாண மண்டபத்தில் நாங்கள் இறங்கியபோது பைக்கில் வந்தவர்கள் எங்களைவிட ஒழுங்காக இருந்தார்கள்.

திரும்பி வந்த மறுநாள் வெல்டிங் கடை. கடைக்காரர் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டர் போய்விடுமாம். என் வண்டியில் கம்ப்யூட்டர் இருப்பதே அன்றுதான் தெரியும். பிறகு ராடை வைத்தார். நீலப் பொறி. எட்டணா அளவிருந்த ஓட்டை ஒரு ரூபாய் அளவாயிற்று. இன்னொரு பொறி. ஐந்து ரூபாய்.

"தகடு இருந்தாத்தான் சார் வெல்டிங் புடிக்கும். துருவுல எதைப் புடிக்கறது?" என்று முகமூடியை நிமிர்த்தினார். ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுத்ததற்கு இருநூறு ரூபாய்.

இன்னும் கொஞ்சநாள் இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. பதினைந்து வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்திக் காட்ட வேண்டும். புகைச் சான்றிதழும் வேண்டும். என் வண்டியின் வயதுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆய்வாளர் முன்னால் விசைப்படகை ஓட்டிக்கொண்டு போக முடியாது.

ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டேன். முன் குழாய், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பின் பெட்டி என்று அவர்கள் எழுதித் தந்த தொகையைப் பார்த்ததும், மரியாதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என் மொத்த வண்டியையும் விற்றால் அந்தப் பணம் வரும், கூடவே ஒரு ஆட்டோச் செலவும்.

பாய்தான் வழி சொன்னார். "கன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்கு சார். பின்னாடி பொட்டி மட்டும் போதும். புதுப்பேட்டை போங்க. போறப்ப ஒண்ணு, யார் கேட்டாலும் கன்வெர்ட்டரைக் குடுத்துடாதீங்க."

எதற்கு அப்படிச் சொன்னார் என்பது அங்கே போனதும் விளங்கியது. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் ஓரமாக, ஒரு காரை எத்தனை துண்டாகப் பிரிக்க முடியுமோ அத்தனையும் மாலையாகத் தொங்கும் தெருக்கள். கதவுகள் ஒரு கடை, கண்ணாடிகள் ஒரு கடை, ஸ்டீயரிங் மட்டும் ஒரு கடை. என் வண்டியைப் பார்த்த ஒருவர், நலம் விசாரிப்பது போலத் தோளில் கைபோட்டு, "கன்வெர்ட்டரை எடுத்துக்கறேன் சார், காலிக் குழாய் மாட்டித் தர்றேன், கையில காசும் தர்றேன்" என்றார். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று சில கிராம் பூச்சு. புகையிலுள்ள விஷத்தை முறிப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் புகைப் பரிசோதனையில் வண்டி நிற்காது. வடக்கே வேன்களின் சைலன்ஸரைக் கழற்றிக்கொண்டு போகும் திருடர்கள் இதற்காகத்தான் அலைகிறார்கள்.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. "உங்க வண்டிக்குப் பிளாட்டினமா?" என்றாள் மனைவி. என்ன தொனி என்று எழுத்தில் சொல்ல முடியாது. அவளுடைய இரண்டு வளையல் அப்போது கூட்டுறவு வங்கியில் இருந்தது.

பின் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தேங்காய் வாங்குவது போல விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் தகடு கெட்டி. பிறகு காதோரம் வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே கடகடவென்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது, வைத்துவிட்டு நடக்கலாம். பழையதில் நான்கைந்து குலுக்கியும் எல்லாம் கடகடத்தன. கடைசியில் புதிதாகவே, கம்பெனிப் பெயர் இல்லாத உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று ஆயிரத்து ஐந்நூறுக்குப் படிந்தது. கடைக்காரப் பையனுக்கு என்னை அத்தோடு விட மனமில்லை.

"ஃப்ரீ ஃப்ளோ போட்டுக்கோ சார். வண்டி புலி மாதிரி உறுமும்."

"தம்பி, அதை நிறுத்தத்தான் வந்திருக்கேன்."

அவன் கண்ணில் தெரிந்த பரிதாபம் தாங்காமல், குழாய் முனையில் மாட்டும் பளபளப்பான குரோம் மூக்கு ஒன்றை இருநூற்று ஐம்பதுக்கு வாங்கினேன். அதனால் எந்தப் பயனும் கிடையாது. வாங்கினேன்.

பழையதைக் கழற்ற அரை நாள் ஆயிற்று. ஒரு போல்ட் கூடத் திரும்பவில்லை. எல்லாம் வெட்டித்தான் எடுத்தார் பாய். கேஸ்கெட் புதிது, தொங்கவிடும் ரப்பர் வளையம் புதிது. ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தபோது எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிமுக்கு அந்தச் சத்தத்திலேயே காது மந்தமாகிப் போனது. அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்ஸிம்தான் துப்பாக்கிக்கு சைலன்ஸர் செய்து 1909-ல் காப்புரிமை வாங்கியவர். அதே உத்தியை எஞ்சின்களுக்கும் கொண்டு போனார். அப்பா போட்ட சத்தத்தை மகன் அடக்கிய குடும்பம். கொடுத்து வைத்தவர்கள்.

ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி சாவியைத் திருப்ப, "சார், சார், ஓடிட்டுதான் இருக்கு!" என்று பாய் கத்தினார். ஒரு ரவுண்டு போனோம். இடது பின் சக்கரத்தில் டக், டக் என்று ஏதோ கேட்டது.

"பாய், புதுசா ஒரு சத்தம்."

"அது ரெண்டு வருஷமா இருக்கு சார். உங்களுக்கு இப்பத்தான் கேக்குது."

அன்று மாலை வீடு திரும்பினேன். கேட் சாத்தியிருந்தது, வாட்ச்மேன் பீடியோடு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே இறங்கித் திறந்தேன். கூடத்தில் மகன் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிடம் நின்றேன், மூன்று பேரைச் சுட்டான். அடுப்படியிலிருந்து வந்த மனைவி என்னைப் பார்த்து வீலென்று அலறினாள். "திருடன் மாதிரி வந்து நிக்கறீங்களே!" தோசைக்கல் காய்ந்திருக்கவில்லை. மாவு ஃபிரிஜ்ஜில் இருந்தது. ஆயிரத்து எழுநூற்று ஐம்பதும் கூலியும் செலவழித்த அன்று இரவு எனக்குக் கிடைத்தது ரொட்டியும் ஜாமும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி தேறிவிட்டது. ஆய்வாளர் குரோம் மூக்கை ஒரு கணம் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

"அப்பா, அந்த நெய் டப்பாவே நல்லாத்தான் இருந்துச்சு" என்று மகன் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தான். மனைவிதான் முடிவு கட்டினாள்: பால் பூத் பக்கம் வண்டியை நிறுத்தி, அவளுக்கு ஒரு போன் அடித்துவிட்டு வர வேண்டும். அப்படியே செய்கிறேன். கைப்பேசி மகன் கையில் இருப்பதால் யாரும் எடுப்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, "அம்மா! அப்பா பால் பூத்!" என்று ஒரு குரல் கொடுக்கிறான். கார்க் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தால் எனக்கே கேட்கிறது.