லென்சு வாங்கப் போற மாப்பிள்ளைக்கு

மாப்ளே, லட்ச ரூபாய்க்கு லென்சு வாங்கப் போறியாமே? உன் அத்தை சொன்னா. பூச்சியைக் கிட்டக்க வெச்சுப் படம் புடிக்கிற லென்சாம். ரொம்ப சந்தோஷம். கடன் எப்ப வேணா அடைச்சுக்கலாம், லென்சு இல்லாம ஒரு மனுஷன் எப்படி உசுரோட இருக்கிறது?

வேணாம்னு நான் சொல்லல. எந்தப் பூச்சியைப் படம் எடுக்கப் போறேன்னு மட்டும் கேட்டேன். "எல்லாத்தையும்தான் மாமா"ன்ன. மாட்டைப் பார்க்காம மூக்கணாங்கயிறு வாங்கறவனைப் பாகூர்ப் பக்கம் எப்படிப் பார்ப்பாங்கன்னு உனக்குத் தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். நீ வெச்சிருக்கிற கேமராவுல படம் விழற சென்சார் 22 மில்லிமீட்டர் அகலம். மேக்ரோ லென்சுக்காரன் "1:1"ன்னு டப்பாவுல போட்டிருக்கானே, அதுக்கு அர்த்தம் 22 மில்லிமீட்டர் பூச்சி படம் முழுக்க நிறையும். எருக்கஞ்செடியில சுத்துற வெந்தய வரியன் பட்டாம்பூச்சி றெக்கையை விரிச்சா ஏழெட்டு சென்டிமீட்டர். அதை 1:1-ல எடுத்தா றெக்கையில ஒரு துண்டுதான் வரும், முழுப் பூச்சி வராது. பட்டாம்பூச்சிக்கும் ஊசுடேரிக் கரையில உக்காருற தட்டானுக்கும் உன்கிட்ட ஏற்கெனவே கெடக்கிற 55-250 ஜூமே போதும். ஒரு மீட்டர் சுமார் தள்ளி நின்னே முழுசா எடுத்துடலாம். இதைச் சொன்னா உன் மொகம் சுருங்குது. செலவில்லாத யோசனைன்னாலே உனக்குப் பிடிக்காது.

மேக்ரோ வேணுங்கறது சின்னதுக்கு. எங்க மாமரத்துல இருக்கிற முசுறு எறும்பு எட்டு, பத்து மில்லிமீட்டர். அது கூட்டத்துக்குள்ளயே அச்சு அசலா எறும்பு வேஷம் போட்டுக்கிட்டு ஒரு சிலந்தி திரியும். எட்டுக் காலு, பூச்சி இனமே இல்லன்னு படிச்சவங்க சொல்வாங்க. லென்சு அந்த சாதியெல்லாம் பாக்காது, நீயும் பாக்காத.

இப்போ கடைக்காரன் உன்னை மடக்கற எடம். டப்பாவுல "குறைந்த ஃபோகஸ் தூரம் 30 செ.மீ."ன்னு இருக்கும். நீ லென்சு மூக்குலேருந்து 30-ன்னு நினைச்சுக்குவ. அது சென்சாருலேருந்து அளக்கறது. கேமரா ஒடம்பு, லென்சு நீளம் எல்லாத்தையும் கழிச்சா, 100 மி.மீ. மேக்ரோவுக்கு 1:1-ல பூச்சிக்கும் லென்சுக்கும் நடுவுல ஒரு சாண் கூட மிஞ்சாது, பதிமூணு பதினாலு சென்டிமீட்டர்தான். 50, 60 மி.மீ. மேக்ரோன்னா அதை விடக் கம்மி. உன் நிழல் பூச்சி மேல விழும், அது பறந்து வில்லியனூர் போய்ச் சேரும். 180 மி.மீ. வாங்கினா கால் மீட்டர் தூரம் கெடைக்கும், ஆனா வெலையும் கனமும் ஏறும், கை நடுங்கும். நீ காசு குடுத்து வாங்கறது பெருசாக்கற சக்தியை இல்ல மாப்ளே, தூரத்தை. 50-ம் 1:1தான், 180-ம் 1:1தான்.

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். கேனான்காரன் 1999-ல கொண்டாந்த 65 மி.மீ. லென்சு மேல உனக்கு ஆசையாம். அஞ்சு மடங்கு பெருசாக்கும், உண்மை. ஆட்டோஃபோகஸ் கிடையாது, தூரத்துல இருக்கிறது எதையும் எடுக்க முடியாது. அதைத் தூக்கிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணோட மூக்குத்திக் கல்லு மட்டும்தான் தெரியும். மூக்கு தெரியாது.

அப்போ என்னதான் செய்யணுங்கறியா? உன் ஜூம் லென்சு முன்னாடி மாட்டற ரேனாக்ஸ்னு ஒரு குட்டிக் கண்ணாடி வருது. 150-ன்னு ஒண்ணு, 250-ன்னு ஒண்ணு. 250-ஓட சக்தி 8 டயாப்டர், 150-க்கு 4.8. ஆயிரத்தை டயாப்டரால வகுத்தா எவ்வளவு தூரத்துல பூச்சி இருக்கணுங்கிறது மில்லிமீட்டர்ல வந்துரும். 150-க்கு இருபது சென்டிமீட்டர் சுமார். ஜூமை 250-ல வெச்சா 1:1-ஐத் தாண்டியே பெருசாகுது. லட்ச ரூபா லென்சை விட தூரம் கூட, வெல அதுல சின்னத் துண்டு. ஓரம் கொஞ்சம் மங்கும். பூச்சி நடுவுலதானே உக்காந்திருக்கு?

உன் 50 மி.மீ. லென்சுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டற வழியும் இருக்கு. உள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். 50-க்கு 50 குழாய் மாட்டினா 1:1. மின்தொடர்பு இருக்கிறதா பாத்து வாங்கு, இல்லன்னா அப்பர்ச்சரை மாத்த முடியாம முழிப்ப. என்ன, பூச்சி கிட்டக்க மூக்கை வெச்சு உரசணும்.

அப்பர்ச்சர்னதும் ஞாபகம் வருது. 1:1-ல எஃப் 8 வெச்சா ஃபோகஸ்ல நிக்கிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது. கண்ணு தெரிஞ்சா காலு தெரியாது. எஃப் 16-க்குப் போனாலும் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதுக்கு மேல மூடினா படமே குழைஞ்சு போவும். 1:1-ல லென்சு நாலுல மூணு பங்கு வெளிச்சத்தை வேற முழுங்கிடும். அதனால மொதல்ல ஃப்ளாஷ் வாங்குடா. அது முன்னாடி ட்ரேசிங் பேப்பரோ பால் கவரோ ஒட்டு, வெளிச்சம் பரவும், பொன்வண்டு முதுகு கண்ணைக் கூசாது. சாமான் வாங்க வர்றவங்க கடைசியா கேக்கறது இதைத்தான், மொதல்ல வேணுங்கறதும் இதுதான்.

இந்தப் புதுச்சேரிக் கடல் காத்தைப் பத்தித் தனியா பயப்படு. மத்தியானம் காத்து ஏறினா இலை ஆடும், பூச்சியும் கூட ஆடும். விடியறப்ப போ. அப்போ தட்டானும் பனியில நனைஞ்சு அசையாம உக்காந்திருக்கும். நீ எழுந்திருக்கிற நேரத்துக்கு அது டூட்டி முடிச்சிரும், அது வேற கதை. ஐப்பசி கார்த்திகையில லென்சுக்குள்ள பூஞ்சை புடிக்கும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வை. அரிசிப் பானையில வெக்கிறேன்னு கெளம்பாத, தவிட்டுத்தூசி உள்ள போவும். பழைய லென்சு வாங்கினா சண்டே மார்க்கெட்ல ஒரு டார்ச் வாங்கி, பின்பக்கமா அடிச்சு முன்பக்கமா பாரு. நூலாம்படை தெரிஞ்சா காசை எடுக்காத.

பெரிய ஆளுங்க எப்படிப் பாத்தாங்கன்னும் கேட்டுக்க. பழைய பஸ் ஸ்டாண்டுக்குத் தெக்கால இருக்கிற தாவரவியல் பூங்கா 1826-ல பிரெஞ்சுக்காரன் போட்டது. அதைப் பாத்துக்கிட்ட பெரோத்தே 1870-ல இந்த ஊர்லயே கண்ணை மூடினவரு. அவரு 1842-ல இன்னொருத்தரோட சேந்து, காப்பி எலையைக் கொடையற ஒரு பொடி அந்துப்பூச்சியைப் பத்தி எழுதியிருக்காரு. அதோட றெக்கை விரிச்சாலும் ஒரு சென்டிமீட்டர் வராது. போட்டோங்கிற சமாச்சாரம் ஊருக்குத் தெரிஞ்சு அப்போதான் மூணு வருஷம். பிரான்சுல ஃபாப்ர்னு ஒரு வாத்தியாரு, 1879-லேருந்து 1915-ல சாகற வரைக்கும் ஒரே தோட்டத்துப் பூச்சியைப் பாத்தாரு. போல்ங்கிற அவரு புள்ளதான் கடைசில அதுகளைப் படம் எடுத்தாரு. அப்பன் பாத்து முடிச்சு, புள்ள படம் எடுத்தான். நீ ரெண்டையும் சனிக்கெழம சாயங்காலத்துல முடிக்கப் பாக்கற.

மொதல்ல அரளிச் செடிக்குப் போ. இலைக்கு அடியில வெள்ளி முலாம் பூசினாப்புல ஒரு கூட்டுப்புழு தொங்கும். அது ஓடாது, கடிக்காது, நாள் கணக்கா அங்கேயே இருக்கும். உன் பொறுமைக்கு ஏத்த பூச்சி. அதுல கை படிஞ்சப்புறம், இந்த மழைக்காலம் தாண்டியும் நீ வயித்துல படுத்துப் படம் எடுத்துக்கிட்டு இருந்தா, 90-லேருந்து 100 மி.மீ.க்குள்ள ஒரு பழைய மேக்ரோ வாங்கு. உன் அத்தைகிட்ட நானே பேசறேன்.

முசுறு எடுக்கணும்னா எங்க மாமரத்துக்கு வா. அரைக்கை சட்டை போட்டுக்கிட்டு வராத, கழுத்துக்குள்ள விழுந்து கடிச்சா நான் பொறுப்பில்ல.