பிள்ளைக்கா பொழுது போகலை?

மருமவனே, நேத்து டீக்கடை பெஞ்சுல உக்காந்து நீ சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. ‘கொரோனா ஊரடங்கு நாள் மாதிரி இனி வராது. குடும்பமா ஒண்ணா இருந்தோம். பிள்ளைகளோட குவாலிட்டி டைம் கெடச்சுது’ன்னியே. சுத்தி இருந்தவனும் தலையாட்டுனான். நான் டீ கிளாசை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். சிரிப்பை அடக்க முடியலை, அதான். இதை உன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிப் பாத்தியா? சொல்லிராதே. கையில கரண்டி இருக்கும்.

நானும் அப்போ பட்டணத்துலதான் கெடந்தேன். 2020 மார்ச்சுல சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்துன்னு மெட்ராசு போனவன், மகன் வீட்டு ஏழாவது மாடியில மாட்டிக்கிட்டேன். மார்ச் 24 சாயங்காலம் 144. அன்னைக்கு ராத்திரியே நாடு முழுக்க 21 நாளைக்குப் பூட்டு. பஸ் இல்லை, ரயில் இல்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இந்த மூணுக்குத்தான் பாஸ் குடுப்பாகளாம். எனக்கு மூணுல ஒண்ணுகூட அப்போ கைவசம் இல்லை. மூணாவதை வேணா வரவழைக்கலாம்னு பாத்தா, அது ரெண்டாவதுல கொண்டுபோய் விட்டுரும். பேசாம இருந்துட்டேன்.

மறுநாளு, ஒண்ணாப்புல இருந்து ஒம்பதாப்பு வரைக்கும் பரீட்சை இல்லாமலே எல்லாரும் பாசுன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. அன்னைக்கு அந்த அடுக்குமாடியை நீ பாத்திருக்கணும். பிள்ளைக பால்கனியில நின்னு கூவுது. பெத்தவுக மூஞ்சியில ஈயாடலை. எதுத்த வீட்டுப் பையனும் பாஸ், எம்பையனும் பாஸ்னா, நான் எதுக்கு இம்புட்டு பீஸ் கட்டுனேன்? துட்டி கேக்க வந்தவுக கணக்கா போன்ல ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்கிட்டாக.

அந்தத் துக்கம் ஆறுறதுக்குள்ள ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு சார்ட்டு ஏறிருச்சு. கலர் கலராக் கட்டம். ஆறு மணிக்கு யோகா. ஏழு மணிக்கு வைட்டமின் டி. அப்படின்னா என்னன்னு கேட்டேன். வெயில்ல நிக்கிறதாம். எட்டரைக்கு அபாகஸ். பத்துக்குப் படைப்பாற்றல். பதினொண்ணுக்குக் குடும்ப நேரம். ராத்திரி எட்டுக்கு நன்றியுணர்வு. நன்றியுணர்வுக்கு என்னப்பா செய்யணும்னு மகன்கிட்ட கேட்டேன். அன்னைக்கு நடந்த நல்லது மூணை ஆளுக்கொரு நோட்டுல எழுதணுமாம். பேத்தி அப்போ ரெண்டாப்பு. ஒண்ணு பூரின்னு எழுதுனா. ரெண்டாவதும் பூரின்னு எழுதுனா. மூணாவதுக்கு ரொம்ப நேரம் பென்சிலைக் கடிச்சா. கெழங்குன்னு எழுதிட்டுத் தூங்கப் போயிட்டா. ஆழமா யோசிக்க மாட்டேங்கான்னு மகனுக்கு வருத்தம். இதுக்கு மேல என்னய்யா ஆழம் வேணும்?

‘இதுக எப்போ வெளையாடும்?’னு கேட்டேன். பத்து மணிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டுனான்.

அந்தக் கட்டத்துலதான் ஒருநாள் டல்கோனா காப்பி நடந்துச்சு. கொரியா நாட்டு மோஸ்தர். காப்பித்தூளும் சீனியும் சுடுதண்ணியும் சமமாப் போட்டு, நுரைச்சு வர்ற மட்டும் அடிக்கணும். பேரன் அடிச்சான், பேத்தி அடிச்சா, மகன் அடிச்சான். கை ஓஞ்சுபோயி என்கிட்ட நீட்டுனான். நானும் அடிச்சேன். குளுந்த பால் மேல அந்த நுரையை ஏத்தி, குடிக்காம, போட்டோ எடுத்தான். நல்லபடியா ஒரு போட்டோ விழுறதுக்குள்ள நுரை அமுங்கிருச்சு. டபராவுல நாலு இழுப்பு இழுத்தா வராத நுரையா? சரி, போவுது. மேடையில சிந்துனதை ராத்திரி பத்து மணிக்குத் தொடச்சது யாருன்னு கேளு.

மருமவளுக்கு பேங்க்ல வேலை. பேங்குக்கு ஏது ஊரடங்கு? மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டுப் போவா. ஜன்தன் கணக்குல 500 ரூபா விழுந்துருச்சான்னு கேட்டு வெயில்ல நிக்கிற பொம்பளைகளுக்குப் பதில் சொல்லிட்டு வருவா. வந்தா செருப்பு வெளிய, பை வெளிய. நேரா குளியலறை. உடுத்துன துணியை வாளியில முக்கிட்டு, தலையோட குளிக்கணும். அது வரைக்கும் பிள்ளை தொடக்கூடாது. பேத்தி கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘அம்மா குளிச்சுட்டியா, குளிச்சுட்டியா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஈரத்தலையோட வந்து பிள்ளையை ஒருதரம் கட்டிப் பிடிச்சுட்டு, அப்படியே அடுப்படிக்குப் போவா. வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவை உள்ள விடக்கூடாதுன்னு அசோசியேஷன்ல தீர்மானம் போட்டிருந்தாக. அந்த அம்மா சம்பளம் என்னாச்சுன்னு மாடிப்படியில நாலு பேருகிட்டக் கேட்டேன். எல்லாருக்கும் திடீர்னு போன் வந்துருச்சு.

மகனுக்கு வீட்டுலயே வேலை. அதாவது, ஒரு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிடுற வேலை. ஒருநாள் உள்ள இருந்து குரல் பெருசாக் கேக்கு. ஆபீசு ஆளுகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாப் பேசுதான். தலைப்பு என்ன தெரியுமா? ‘வேலையையும் வீட்டையும் சமமா நடத்துவது எப்படி?’ நல்லாத்தான் பேசுனான். ஆணும் பெண்ணும் பாதிப்பாதி பங்கு போட்டுக்கிடணும்னான். அந்நேரம் அடுப்புல அவன் வச்சுட்டுப் போன பால் பொங்கி ஊத்துது. பேரன் ஓடிப்போயிக் கதவைத் தட்டுனான். ஒரு கை மட்டும் வெளிய வந்து ‘ச்சூ’ன்னு வெரட்டிட்டு உள்ள போயிருச்சு. பய அவனே போயி அடுப்பை அணைச்சான், துணியைப் போட்டுத் தொடச்சான். பத்து வயசு. அந்தத் தலைப்புல பேசுற தகுதி அவனுக்குத்தான் இருந்துச்சு. அவனை யாரு கூப்பிடுதா?

பிள்ளைகளை நீரு எப்படிப் பாத்துக்கிட்டீருன்னு கேப்பே. கெட்ட நேரத்துலயும் ஒரு நல்ல நேரம் வந்துச்சு. ஏப்ரல் 26ல இருந்து நாலு நாளைக்கு மெட்ராசுல மளிகைக்கடைகூடத் தொறக்காதுன்னு திடீர்னு சொன்னாக, ஞாபகம் இருக்கா? 25ஆம் தேதி சனம் பூரா கடைத்தெருவுல. தள்ளி நில்லுன்னு போட்ட சட்டத்துக்கு, ஒருத்தன் முதுகுல ஒருத்தன் ஒட்டி நின்னு மரியாதை செஞ்சாக. மகனும் போனான். கையில கெடச்சதை அள்ளிட்டு வந்தான். புளி வாங்கச் சொன்னா கொட்டைப்புளி வாங்கிட்டு வந்துட்டான். மருமவ ஏசு ஏசுன்னு ஏசுனா. பிள்ளைகளுக்கு யோகம்.

ரெண்டையும் உக்காத்தி வச்சுப் புளியைக் குடுத்தேன், கொட்டை எடுங்கன்னு. கை பூரா பிசுபிசுப்பு. நக்கிக்கிட்டே எடுத்துச்சுக. பெருங்கொட்டையா நாலு பொறுக்கி, ஒரு பக்கத்தை மட்டும் தரையில உரசச் சொன்னேன். தோல் போயி வெள்ளை தெரியணும். ‘டைல்ஸு கீறிரும்’னு மகன் பதறுனான். மொட்டைமாடிக்குப் போயிட்டோம். சிமிட்டித் தரையில உரச உரசக் கொட்டை சூடேறும்லா? சூடு ஆறுறதுக்குள்ள பேரன் அதைத் தங்கச்சி தொடையில வச்சுட்டான். அவ போட்ட கூப்பாட்டுல ஏழு மாடியும் எட்டிப் பாத்துச்சு. சொல்லிக் குடுக்காம எப்படிலே அது வருது? நானும் எங்க அண்ணன்கிட்ட அதே சூட்டை வாங்குனவன்தான்.

அப்புறம் சாக்பீசுல கட்டம் போட்டுத் தாயம். நாலு கொட்டையில ஒரே ஒரு வெள்ளை மேல பாத்து விழுந்தாத் தாயம். தாயம் விழாம காய் எறங்காது. அவன் கள்ளாட்டம் ஆடுனான். அவ கொட்டையத் தூக்கி வீசுனா. சண்டை, அழுகை, மறுபடி ஆட்டம். நான் ஓரமா உக்காந்து கண்ணை மூடிக்கிட்டேன். போரடிக்குது தாத்தான்னு ஒரு வார்த்தை ரெண்டு வாயிலயும் வரலை.

மகனுக்குப் பொறுக்குமா? கெட்டவனில்லை, படிச்சவன். தாயத்துல கூட்டல் கழித்தல் வருது, விரலுக்குப் பயிற்சி வருது, தோல்வியைத் தாங்குற பக்குவம் வருதுன்னு கண்டுபிடிச்சான். போட்டோ எடுத்து நாலு குரூப்புக்கு அனுப்புனான். சார்ட்டுல புதுசா ஒரு கட்டம் மொளைச்சுது. நாலு மணி முதல் நாலே முக்கால் வரை, பாரம்பரிய விளையாட்டு. ஜெயிச்சா ஸ்டாரு. கள்ளாட்டத்துக்குத் தடை. அன்னைக்கோட தாயம் செத்துப்போச்சு மருமவனே. நாலு மணியானாப் பேரன் வயித்தவலிங்கான்.

இப்போ நீ சொல்லு. பொழுது போகாம இருந்தது யாருக்கு? ஒரு எறும்பைக் குடுத்தாப் பிள்ளை ஒரு மணி நேரம் ஓட்டிரும். உனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியலை. பிள்ளை சும்மா இருந்தா அதைப் பாக்கவும் உனக்குச் சகிக்கலை. பழியைப் பூரா அது தலையில வச்சு, பிள்ளையை எப்படி ஈடுபடுத்துறதுன்னு கம்ப்யூட்டர்ல கூட்டம் போட்டுப் பேசுனீக. நிபுணரு வேற. அவரு பின்னாடி, அவரு பிள்ளை அலமாரி மேல ஏறிக்கிட்டு இருந்ததை நான் என் கண்ணால பாத்தேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போனுக்குள்ள வந்துருச்சு. ஹால்ல உக்காந்துக்கிட்டு யூனிபாரம், கழுத்துல டை! டீச்சர் ஒரு கேள்வி கேட்டா, வீட்டுக்கு வீடு அம்மாமாரு அடிக்குரல்ல பதில் சொல்லிக் குடுக்கது எனக்கே கேக்கு. பேத்திக்கு மூணாப்புக்குப் புது டீச்சர். ஒருநாள் கேட்டா, ‘தாத்தா, எங்க மிஸ்ஸுக்குக் காலு இருக்குமா?’ன்னு. நியாயந்தான? நெஞ்சுக்குக் கீழ அவ பாத்ததே இல்லையே. எட்டாப்பு வரைக்கும் நாளைக்கு ரெண்டு வகுப்பு, ஒவ்வொண்ணும் 45 நிமிசத்துக்கு மேல போவாதேன்னு ஜூலையில தில்லியில இருந்தே சொல்லிட்டாக. எங்க மாடியில அதுக்கும் ஒரு சண்டை. பீஸ் முழுசாத்தானே கட்டியிருக்கோம், நேரத்தை மட்டும் கொறைப்பீகளான்னு.

எங்க காலம் பொற்காலம்னு அளக்கப் போறேன்னு பாக்கியா? மாட்டேன். எங்க சின்ன வயசுல பெரியம்மை வந்தா வாசல்ல வேப்பிலை தொங்கும். வெளியாள் உள்ள வரமாட்டான். உள்ளாள் வெளிய போவமாட்டான். தாளிச்சுக் கொட்டுறது கெடையாது. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அதுதான் ஊரடங்கு. பிள்ளைக்குப் பொழுது போகுதான்னு ஒருத்தரும் கேக்கலை. பொழைக்குமான்னுதான் கேட்டாக. பொழைக்காத பிள்ளைக எங்க தெருவுலயே உண்டு. அம்மை குத்த வந்தவரைக் கண்டா நாங்க சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிவோம். அவரும் விடாம தொரத்திப் பிடிச்சுக் குத்துவாரு. 1975ல பெரியம்மை நம்ம நாட்டை விட்டுப் போச்சுன்னா, அந்த மாதிரி மனுசங்க வேர்வையாலதான். வேப்பிலைக்குக் குளுமை உண்டு, நான் இல்லேங்கலை. நோயை வெரட்டுனது ஊசி. கொரோனாவுக்குன்னு குடுத்த கபசுரக் குடிநீரும் நான் குடிச்சவன்தான். பேத்தி ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு கடலைமிட்டாய் கேட்டு வாங்குனா. நம்ம கோவில்பட்டி மிட்டாய்க்கு அந்த ஏப்ரல்லதான் புவிசார் குறியீடு கெடச்சுது. கஷ்டத்துலயும் ஒரு நல்ல சேதி.

செப்டம்பர்ல பஸ் விட்டதும் ஊர் வந்து சேந்தேன். இங்க ஃப்ரிட்ஜும் இல்லை, சார்ட்டும் இல்லை. மூணு பிள்ளைக்கு ஒரு போன், அதையும் அப்பன் வேலைக்குக் கொண்டு போயிருவான். மிச்ச நேரம் சிக்னல் தேடித் தண்ணித்தொட்டி மேல ஏறி நிக்கும் பிள்ளைக. மூத்தவன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டான். ஒம்பதாப்புப் படிச்ச ஒரு பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச ஆரம்பிச்சுட்டாக. ஒண்ணாப்பைப் பாதியில விட்ட சின்னது, 2021 நவம்பர் ஒண்ணாம் தேதி பள்ளிக்கூடம் தொறந்தப்போ நேரா மூணாப்பு பெஞ்சுல போயி உக்காந்துச்சு. எழுத்துக் கூட்டச் சொன்னா முழிக்கு. அதுக்குப் பொறவு இல்லம் தேடிக் கல்வின்னு ஒண்ணு வந்துச்சு. நம்ம தெருப் பிள்ளை ஒருத்தி, பன்னெண்டாப்பு முடிச்சவ, கோயில் திண்ணையில சாயங்காலம் இருபது பிள்ளைகளை வச்சுப் பாட்டும் கதையுமா எழுத்தை மீட்டுக் குடுத்தா. எந்தக் குரூப்புலயும் அவ போட்டோ வரலை.

அதனாலதான் சொல்லுதேன், அந்த நாள் நல்ல நாளுன்னு டீக்கடையில வச்சுச் சொல்லாதே. கேக்கவனுக்குள்ள எது கெடக்கோ, உனக்கென்ன தெரியும்?

போகட்டும், வந்த விசயத்துக்கு வாரேன். இந்தக் கோடை லீவுக்கு ஏதோ சம்மர் கேம்ப்புல பேரு குடுத்திருக்கியாமே? ரோபோ செய்யச் சொல்லிக் குடுப்பாகளாம். பணத்தைத் திரும்பக் கேளு. தரலேன்னாலும் போவுது. மே மாசம் ரெண்டு பிள்ளைகளையும் எங்கிட்ட விட்டுட்டுப் போ. மாத்துத்துணி ரெண்டு ஜோடி போதும். நீ வந்து தங்க வேண்டாம். ராத்திரி போனைப் போட்டு, இன்னைக்கு என்ன கத்துக்கிட்டாகன்னும் கேக்காதே. நான் எடுக்க மாட்டேன்.