தூக்கத் தெரிந்தவர், சாய்க்கத் தெரியாதவர்

அமெரிக்கக் கால்பந்தில் பாஸ் ரஷருக்கு ஒரே வேலைதான்: எதிரணி குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைச் சாய்த்துவிட வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்களில் அதற்குத் தோதானவரைப் பொறுக்க, தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸில் கூடி, சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்க்கின்றன. கை எத்தனை அங்குலம்? 40 கெஜத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான்? 225 பவுண்டை எத்தனை முறை தூக்குகிறான்? இத்தனையும், குறுக்கே நின்று தடுக்க ஒரு ஆள்கூட இல்லாமல்!

2008இல் வெர்னன் கோல்ஸ்டன் 37 முறை தூக்கிக் காட்டினார். நியூயார்க் ஜெட்ஸ் சொக்கிப்போய், அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து ஆளெடுக்கும் டிராஃப்டில் அவரை ஆறாவது ஆளாக அள்ளிக்கொண்டது. மூன்று பருவங்களில் அவர் சாய்த்த குவாட்டர்பேக்குகள் பூஜ்யம். பாவம், எடைக்கம்பி அவரைத் திருப்பித் தள்ளியதே இல்லை.

டெரல் சக்ஸ் கல்லூரியில் ஒரே பருவத்தில் 24 முறை சாய்த்தவர். ஆனால் 2003இல் ஸ்டாப்வாட்ச் முகம் சுளித்தது. ஒன்பது பேர் போன பிறகுதான் பால்டிமோர் ரேவன்ஸ் கூப்பிட்டது. 139 முறை சாய்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். ஜாரெட் ஆலனை 2004இல் நான்காம் சுற்றுவரை யாரும் சீண்டவில்லை. அவர் கணக்கு 136. 2025இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள்.