அடைப்புக்குறிப் பெருக்கம்: சி மொழி மேக்ரோ குறித்த ஓர் ஆராய்ச்சியுரை

சி மொழியில் எழுதிய நிரல் எதைப் புரட்டினாலும், மேக்ரோ வரையறைகளில் மட்டும் அடைப்புக்குறிகள் இரட்டை இரட்டையாக நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். இதற்குக் காரணம் அச்சம் என்பாரும், அழகு என்பாரும், முன்னவர் எழுதியதை அப்படியே காப்பியடித்ததன் விளைவு என்பாரும் உளர். மூன்றாவதே பெருவழக்கு. ஆயினும் அந்த முன்னவர் ஏன் எழுதினார் என்ற வினா எஞ்சி நிற்றலின், இவ்வாராய்ச்சி வேண்டுவதாயிற்று.

ப்ரீபிராசஸர் என்பான், கம்பைலருக்கு முன்னே அமர்ந்து சுவடியைப் பெயர்த்தெழுதும் ஏடெழுதுவோன். எழுத்தறிவான், பொருளறியான். மேக்ரோவின் பெயர் வந்த இடத்தில் அதன் உடலை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவான். (#இஃப் வரிகளில் மட்டும் கொஞ்சம் கணக்குப் போடுவான். அது நம் ஆராய்ச்சிக்குப் புறம்பு.) சி மொழியின் தர ஆவணம் நிரலை மொழிபெயர்க்கும் வேலையை எட்டுக் கட்டங்களாகப் பகுக்கிறது. மேக்ரோ விரிவது நான்காம் கட்டத்தில். எது கோவை, எது வாக்கியம் என இலக்கணம் பார்ப்பது ஏழாம் கட்டத்தில். நான்காமவன் செய்த வினைக்கு ஏழாமவன் திட்டு வாங்குவது இத்துறையின் நெடுநாள் மரபு.

இந்த ஏடெழுதுவோன் மொழியோடு உடன்பிறந்தவன் அல்லன். 1972-73 வாக்கில் ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும் இவனைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் என்று, மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சியே பதிந்திருக்கிறார். அப்போது வேறு கோப்பைக் கொணர்ந்து சேர்ப்பதும், ஆர்கியுமென்ட் இல்லாத வெறும் பெயர்களை மாற்றுவதுமே வேலை. ஆர்கியுமென்ட் பின்னால் மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோர் கைவண்ணத்தில் வந்தது. சில ஆண்டுகள்வரை நிரலின் தொடக்கத்தில் தனி அடையாளம் இட்டால்தான் இவன் வேலைக்கே வருவான். கூப்பிட்டால் வருபவனாக இருந்த காலத்தில் அடைப்புக்குறிச் சிக்கல் அவ்வளவாக இல்லை என்பது உய்த்துணரத்தக்கது.

இவனைக் கொண்டு மொழியின் முகத்தையே மாற்றியவரும் உண்டு. ஸ்டீவ் போர்ன் யூனிக்ஸ் ஷெல்லை எழுதியபோது மேக்ரோக்களால் சி-க்கு ஆல்கால் 68 வேடம் கட்டினார். 'இஃப்' என்று திறந்ததை 'ஃபி' என்று திருப்பிப் போட்டு மூடினார். 1984இல் தொடங்கிய சர்வதேசக் குழப்ப சி நிரல் போட்டிக்கு அந்நிரலும் ஒரு தூண்டுகோல். ஒருவர் தெளிவுக்காகச் செய்தது பிறருக்குக் குழப்பப் போட்டி ஆனமை உரையாசிரியர் உலகிலும் காணப்படுவதே.

இனி மூலபாடம். காட்டுகள் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. கம்பைலர் ஏற்காவிடில் கட்டுரையாளர் பொறுப்பல்லர்.

#டிஃபைன் வர்க்கம்(அ) அ*அ

வர்க்கம்(5) என்றால் 25. ஐயமில்லை. வர்க்கம்(3+2) என்றாலும் 25 வரவேண்டும், வருவதோ 11. என்னை எனின், ஏடெழுதுவோன் 3+2*3+2 என்று எழுதினான், பெருக்கல் முந்திக்கொண்டது. ஆகவே (அ)*(அ) என ஒவ்வோர் உறுப்புக்கும் அடைப்புக்குறி இடுக என்றனர் முன்னோர். இட்டபின் 100/வர்க்கம்(5) கேட்டால் 4 வரவில்லை, 100 வருகிறது. 100/(5)*(5) என்பதில் வகுத்தல் இடப்பக்கம் நிற்பதால் முதலில் அதுவே நடந்துவிடுகிறது. எனவே முழு உடலுக்கும் ஓர் உறை: ((அ)*(அ)). பெருக்கத்தின் மூலகாரணம் இதுவே. ஒவ்வொரு குறியும் எங்கோ ஒரு தவறான விடையின் நினைவுக்கல்.

சிலர் இதையே கொஞ்சம் காற்றோட்டமாக எழுத விரும்பி, 'வர்க்கம்' என்பதற்கும் '(அ)' என்பதற்கும் நடுவே இடைவெளி விடுவர். விட்ட கணமே அது ஆர்கியுமென்ட் ஏற்கும் மேக்ரோ அல்லாமற்போய், '(அ)' உள்பட எஞ்சியதெல்லாம் உடலாகிவிடும். அழைக்கும் இடத்தில் எத்தனை இடைவெளியும் விடலாம். வரையறுக்கும் இடத்தில் ஒன்றும் கூடாது. வலி மிகும் இடம், மிகா இடம் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

அரைப்புள்ளியார் கதை சிறிது. #டிஃபைன் அளவு 100; என்று பழக்கதோஷத்தில் முடிப்பவர், 'க = அளவு + 1;' என்று எழுதி 101க்குக் காத்திருப்பார். 'க = 100; + 1;' என்று விரிந்து, க 100ஆகவே நிற்கும். கம்பைலர் பிழை என்றும் சொல்லாது. மிஞ்சினால் ஓர் எச்சரிக்கை முணுமுணுக்கும். எச்சரிக்கையைப் படிப்போர் தொகை குறித்துத் தனியே ஆய்வு தேவை.

அடைப்புக்குறியால் தீராத நோயும் ஒன்றுண்டு. வர்க்கம்(இ++) என்று அழைத்தால் ((இ++)*(இ++)) என்று விரியும். ஒரே கோவையில் ஒரே மாறி இருமுறை மாறுவதால் விடை எதுவாகவும் இருக்கலாம் என்று தர ஆவணம் கைகழுவிவிடுகிறது. ஃபங்ஷனாக இருந்தால் ஆர்கியுமென்ட் ஒருமுறைதான் மதிப்பிடப்படும். மேக்ரோவோ உடலில் எத்தனை முறை அப்பெயர் வருகிறதோ அத்தனை முறை பெயர்த்தெழுதும். மேக்ரோவை ஃபங்ஷன் என்று நம்பியவர் கெட்டார் என்பது துணிபு. இதனால்தான் அஸர்ட் என்ற சோதனை மேக்ரோவின் உள்ளே கோப்பைத் திறக்கும் வேலையை வைத்தவர், சோதனையில் தேறி, வெளியீட்டில் விழிப்பார். என்டீபக் என்ற பெயரை வரையறுத்துவிட்டால் அஸர்ட் வெறுமையாக விரியும். கோப்புத் திறப்பும் அதனோடு போகும்.

இந்நோய்க்கு லினக்ஸ் கெர்னல் வல்லுநர் மருந்து கண்டனர். இரண்டில் சிறியதைத் தரும் 'மின்' மேக்ரோவில், ஜிசிசி கம்பைலரின் நீட்சிகளைக் கொண்டு ஒவ்வோர் ஆர்கியுமென்டையும் தற்காலிக மாறியில் ஒருமுறை வாங்கிவைத்து, பிறகு ஒப்பிட்டனர். அதன்மேல் வகைச் சோதனை. அதற்கும் மேல், மாறிலியா என்ற சோதனை. ஒவ்வொரு சோதனையும் ஆர்கியுமென்டின் பெயரை உடலில் மீண்டும் சொல்லும். மதிப்பிடுவது ஒருமுறை, எழுதுவதோ பன்முறை. ஒரு மின்னுக்குள் இன்னொரு மின் வைத்தால் எழுத்து கூடாது, பெருகும்.

ஏடெழுதுவோன் கையிலிருந்து வெளியேறும் படியைக் காண ஜிசிசிக்கு '-ஈ' என்ற விருப்பம் போதும். 2024இல் கெர்னல் வல்லுநர் ஆர்ண்ட் பெர்க்மன் சுட்டிய ஒரு வரி, கெர்னலின் ஸென் பகுதியில் இருந்தது. ஒன்றனுள் ஒன்றாய்ச் சில மின்களைக் கொண்டது. விரிந்தபின் அதன் அளவு 47 மெகாபைட். கம்பைலர் அதையும் பொறுமையாகப் படித்தது.

அவ்வாண்டே லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் அம்மேக்ரோக்களை இளைக்க வைத்தார். மாறிலிகளுக்கென்று பெரிய எழுத்து 'மின்' ஒன்றையும் பொதுவாக்கினார்: இரண்டையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுக்கும் பழைய நேர்வடிவம், தற்காலிக மாறி இல்லை, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அடைப்புக்குறி, மொத்தத்துக்கு ஒன்று. அதற்குள் இ++ கொடுப்பார் எவரேனும் உளரா என்பது அடுத்த கோட் ரிவியூவில் தெரியும்.