ஜிம்னிக்குக் காட்டு டயர்: மாமன் சொல்ற யோசனை

மாப்ளே, ஜிம்னி வாங்கின கையோட அதுக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் மாட்டணும்னு துடிக்கிறியாமே? உங்கம்மா போன்ல சொன்னா. மாட்டு, தாராளமா மாட்டு. பெல்லந்தூர்லேருந்து ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்குப் போற பாதை என்ன லேசுப்பட்டதா? 2019ல பாதல் நஞ்சுண்டசாமின்னு ஒரு ஓவியர், ஒரு ஆளுக்கு விண்வெளி உடுப்பு மாட்டிவிட்டு, பெங்களூர் ரோட்டுக் குழிங்களுக்கு நடுவுல நடக்கவிட்டுப் படம் புடிச்சாரு. பக்கத்துல ஆட்டோ ஓடுறதைப் பார்த்த பிறகுதான் அது நிலா இல்லேன்னு பல பேருக்கு வெளங்குச்சு. அப்பேர்ப்பட்ட ஊர்ல குடியிருக்கிறவன் காட்டு டயர் கேக்காம வேற எவன் கேப்பான்?

ஆனா ஒண்ணு. குழியில எறங்குறப்போ உன்னைக் காப்பாத்துறது டயர் மேல துருத்திக்கிட்டு நிக்கிற பட்டன் இல்ல, பக்கச் சுவரோட உசரம். உன் வண்டிக்குக் கம்பெனி குடுத்தது 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ., அதுல 80 சதவீதம் உசரம். ஆக, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல 156 மி.மீ. இருக்கு. பெரிய அலாய்ல ஒல்லி டயர் போட்டு மினுக்குறவன்தான் குழியைப் பார்த்துக் கும்புடணும். உனக்கு அந்தக் கவலை பாதி இல்ல.

மழை வெள்ளத்துக்கு ஆகும்னு நெனைக்கிறியா? 2022 செப்டம்பர் வெள்ளத்துல ஐ.டி. ஆளுங்க டிராக்டர்ல தொத்திக்கிட்டு ஆபீஸ் போனதைப் பார்த்து, அந்தப் பட்டன் மேல ஆசை வந்துருச்சோ என்னமோ. டிராக்டர் தண்ணியைத் தாண்டுனது உசரத்தால. இன்ஜின் காத்து இழுக்கிற வாயில தண்ணி பூந்துட்டா, எந்த டயரைப் போட்டாலும் வண்டி நடுரோட்டுலதான்.

சரி, ஏ.டி. எதுக்குத்தான் ஆகும்? சரளை, கூர்ங்கல்லு, காஞ்ச மண்ணு, எஸ்டேட் பாதை. அங்க நல்லாப் புடிக்கும். கல்லு கிழிக்கிறதையும் ஓரளவு தாங்கும். எங்க தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஈரக் களிமண்ணுல எறக்கிப் பாரு. பட்டன் சந்துல களி அப்பிக்கிட்டா அதுவும் மொட்டை டயர்தான். அதுக்கு எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் வேணும். அதைத் தார் ரோட்டுல ஓட்டினா போடுற இரைச்சல்ல உன் பொண்டாட்டி பேசுறது காதுல விழாது. ஓ, அதுக்குத்தானா?

ஏ.டி.யும் இலவசமா வராது. சாதா ரோட்டுக்கான எச்.டி. (ஹைவே டெரெய்ன்) டயரைவிட எடை கூட, மைலேஜ் கொறையும். ஈரத் தார் ரோட்டுல பிரேக் புடிக்கிறதுலயும் பொதுவா எச்.டி.தான் ஒரு படி மேல. சில்க் போர்டு சிக்னல்ல முன்வண்டிக்கு முத்தம் குடுக்காம நிக்கணும்னா அது முக்கியம்.

அடுத்து, 235/75 ஆர்15 போட்டா கம்பீரமா இருக்கும்னு எவனாவது ஏத்திவிடுவான். கணக்குப் போடு. பழசோட குறுக்களவு 693 மி.மீ., இது 733. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெருசு. மீட்டர் 100 காட்டும், வண்டி 106ல போகும். போலீஸ் கேமரா உன் மீட்டரைப் பார்க்காது. அந்தப் பாரத்தை உருட்டணுமேன்னு 1.5 லிட்டர் இன்ஜினும் முக்கும். ஆசை அடங்கலேன்னா 215/75 ஆர்15 வரைக்கும் போ. வித்தியாசம் 1.5 சதவீதம்தான்.

ஜே.சி. ரோட்டுக் கடைக்காரன் டயர்ல மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரையைக் காட்டிப் பெருமையடிப்பான். அது பனி கொட்டிக் கெடக்குற ரோட்டுக்கான சான்று. 1,478 மீட்டர் நந்தி மலையில பனி என்னைக்குக் கொட்டுச்சாம்? அதை விட்டுட்டு, டயர் பக்கச் சுவர்ல இருக்கிற டாட் (DOT) எண்ணோட கடைசி நாலு இலக்கத்தைப் பாரு. 1425ன்னா 2025ம் வருஷம் 14வது வாரம் செஞ்சது. பழைய சரக்கைத் தலையில கட்டிரப் போறான். சுமை எண் 96ன்னா ஒரு டயர் 710 கிலோ தாங்கும். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழ எறங்காதே. வாங்கினா அஞ்சும் ஒரே அளவுல வாங்கு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில ஒண்ணு மட்டும் சின்னதா இருந்தா கியர் பொட்டி அழும்.

மண்ணுல எறங்குறப்போ காத்தை 20 பி.எஸ்.ஐ. பக்கம் கொறை, தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்து. காத்தடிக்கிற சின்ன மெஷின் ஒண்ணு கூடவே இருக்கட்டும். சும்மா காட்டுக்குள்ள நுழையாதே. எங்க பக்கத்துக் காடு காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். ஆனைக்கு உன் டயர் பிராண்டு தெரியாது.

ஆக, என் தீர்ப்பு இது. மூணு மாசம் வண்டி எங்க ஓடுதுன்னு எழுதி வை. பாதி மண்ணுன்னா ஏ.டி. போடு. பத்துல ஒம்போது தாருன்னா, இருக்கிற டயரோட பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேயுறதுக்கு முன்னாடி வரைக்கும் ஓட்டிட்டு, மறுபடியும் எச்.டி.யே போடு. இன்ஸ்டாகிராம் போட்டோவுக்கு மட்டும்னா நம்ம வயலுக்கு வா. சேத்துல எறக்கிப் படம் எடுத்துக்கோ. தள்ளிவிட ஆளு நான் அனுப்புறேன், கூலி உன்னுது.