துண்டுக்குள் விலங்கியல்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். ஆந்திரா, கர்நாடகம் என்று எங்கெங்கிருந்தோ லாரியேறி வந்த மாடுகள் இங்கே இறங்கி, கேரளாவுக்குப் போக அடுத்த லாரியைப் பார்த்து நிற்கும். இந்த நெரிசலில் விற்க வந்தவர் யார், வாங்க வந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். தரகரைக் கண்டுபிடிப்பது சுலபம். தோளில் துண்டு கிடக்கும். அது முகம் துடைக்க அல்ல. அதற்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. சில சமயம் வாங்குகிறவருக்கே சரியாகத் தெரிவதில்லை.

மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. எதை எப்போது வாய்விட்டுச் சொல்வது என்பதில்தான் சிக்கனம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, மாடு வளர்த்தே தீருவது என்று ஒரு தம்பி வருகிறார். யூடியூபில் பார்த்த பாடத்தின்படி மாட்டின் வாயைப் பிளக்கிறார். பிளந்தவர் திடுக்கிடுகிறார்.

"மேல முன்பல்லே இல்லையே!"

உலகத்தில் எந்த மாட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது. அங்கே கெட்டியான ஈறுதான். புல்லை நாக்கால் சுருட்டி, கீழ்ப்பல் எட்டுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்து வெடுக்கென்று இழுத்து அறுப்பதுதான் மாட்டின் மேய்ச்சல். தரகருக்கு இது பால்குடி நாளிலிருந்தே தெரியும். ஆனால் இப்போது சொல்ல மாட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "உங்க கண்ணுல பட்டுருச்சுங்களே தம்பி! சரி, அந்தப் பல்லுக்காக ஒரு ஐந்நூறு குறைச்சுப் பேசித் தர்றனுங்க" என்பார். சொன்னபடி குறைத்தும் கொடுப்பார். அந்த ஐந்நூறு தரகில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கீழ்ப்பல்தான் மாட்டின் ஜாதகம். 2 வயதை ஒட்டி நடுப் பால்பல் இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு நாலு பல், ஆறு பல். 4 வயதைத் தாண்டும்போது எட்டும் முளைத்திருந்தால் 'கடை சேர்ந்தது'. அதற்கப்புறம் பல்லின் தேய்மானத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதுதான். தரகரின் படைப்பாற்றல் கண்விழிப்பது இந்த இடத்தில். 9 வயது மாடு நேற்றுத்தான் கடை சேர்ந்திருக்கும். இப்போது மாட்டுக்கும் 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுத்து, காதில் மஞ்சள் வில்லையாகக் குத்திவிடுகிறார்கள். அதைக் காட்டிக் கேட்டால், "ஆதார் கார்டுல நம்ம வயசே சரியா இருக்குதுங்களா?" என்பார். பதில் சொல்ல முடியாது.

சினை மாடு விற்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று கவனிக்க வேண்டும். மாட்டின் வயிற்றில் நாலு அறைகள். முதல் அறையே பெரிய மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அது இருப்பது இடது பக்கம். கன்று வளர வளரப் புடைப்பது பெரும்பாலும் வலது பக்கம். காலையில் தவிடும் தண்ணீருமாக வயிறு முட்டக் காட்டி ஓட்டி வந்த மாட்டின் வலப்பக்கத்தைத் தரகர் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, தம்பியை இடப்பக்கம் நிறுத்துவார். "எட்டு மாசமுங்க. இன்னைக்கோ நாளைக்கோ!" மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். எட்டு மாதத்தில் இன்றைக்கோ நாளைக்கோ எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தம்பிக்கு நேரம் கொடுப்பதில்லை.

சுழி சாஸ்திரம் தனி. மயிர் வளரும் திசை வட்டமடித்தால் அது சுழி, அவ்வளவுதான் உடற்கூறு. தரகருக்கு அதிலே கோபுரச் சுழி உண்டு, லட்சுமிச் சுழி உண்டு, துடைப்பச் சுழி, பாடைச் சுழி உண்டு. அவர் விற்றுக்கொடுக்கிற மாட்டில் ஏறுவது கோபுரம். அதே மாட்டை ஆறு மாதம் கழித்து வேறொருவருக்காக வாங்கப் போனால், அதே இடத்தில் பாடை கட்டியிருக்கும்.

ஒன்றில் மட்டும் அவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. படுத்து அசைபோடுகிற மாட்டைக் காட்டி, "சீக்கு இல்லீங்க, நம்பி ஓட்டுங்க" என்றால் நம்பலாம். நல்ல மாடு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் நிறுத்துவதும் அதைத்தான்.

மாடு வீடு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் தம்பி போன் செய்வார். "பத்து லிட்டர்னு சொன்னீங்க, ரெண்டுகூட வரல!"

சந்தைக்குக் கறக்காமல் ஓட்டி வந்த மடியைப் பற்றித் தரகர் பேச மாட்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் சொல்வது அத்தனையும் கால்நடை மருத்துவரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. புது இடத்தில், புதுக் கை பட்டால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். முதலில் கன்றை ஊட்ட விட வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரத்துக்குக் கறக்க வேண்டும். பக்கத்தில் நாயும் வேண்டாம், செல்போன் பாட்டும் வேண்டாம்.

பத்தே நாளில் பால் நாலு லிட்டருக்கு ஏறிவிடும். தம்பிக்குக் கண் கலங்கிவிடும். இப்படி ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று மறுபடியும் போன் செய்து, வருகிற செவ்வாய்க்கிழமை இன்னொரு மாடு பார்த்துத் தரச் சொல்லுவார். பல் விஷயத்தில் தனக்கு அனுபவம் வந்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லுவார்.